வண்டலூர் போனோம், மூணு வால் பார்த்துட்டு வந்தோம்

விழுப்புரத்தான் | மே மாத ஞாயிறு, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்குக் குடும்பத்தோட வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா போய்ட்டு வந்தோம். நான், வீட்டுக்காரி, என் பொண்ணு (ஏழு வயசு), மச்சான் பிள்ளைங்க ரெண்டு பேர். காலையில கிளம்பி, திண்டிவனத்துல டிபன் சாப்பிட்டு, வீட்டுக்காரி மேல்மருவத்தூர்ல ஒரு கும்பிடு போட்டு, உள்ள போய்ச் சேர்றப்போ மணி பன்னெண்டே கால். வெயில் மண்டையைப் பிளந்துச்சு.

பார்த்த கணக்கு சொல்றேன். புலி: வால். மரத்தடியில படுத்திருந்துச்சு, புல்லுக்கு மேல வால் நுனி மட்டும் ரெண்டு தடவை ஆடிச்சு. சிங்கம்: வாலும் ஒரு பின்னங்காலும். சிறுத்தை: கிளையில தொங்குன வால். அது வால்தானா காய்ஞ்ச கொடியான்னு மச்சான் பையனுக்கு இன்னும் சந்தேகம். நீர்யானை: ரெண்டு மூக்குத் துவாரம். ஒட்டகச்சிவிங்கி மட்டும்தான் முழுசாத் தெரிஞ்சுது. அதால எங்க போய் ஒளிய முடியும், பாவம்.

போன்ல 14,000 அடி நடந்ததா காட்டுது. பொண்ணு வண்டியில வரும்போது "அப்பா, அடுத்த தடவை டிவியிலயே பார்த்துக்கலாம்"னு சொல்லிட்டா. மனசு கேக்கல. எங்க தப்பு பண்ணோம்? அடிக்கடி போறவங்க சொல்லுங்க.

ரெண்டுபிள்ளை_அம்மா | ஞாயிறு, இரவு 10:05

அண்ணா, கோச்சுக்காதீங்க. மே மாசம், ஞாயித்துக்கிழமை, உச்சி வெயில். நீங்களே அந்த நேரத்துல வீட்ல என்ன பண்ணுவீங்க? ஃபேனைப் போட்டுப் படுத்திருப்பீங்கல்ல. புலிக்கு மட்டும் டூட்டியா?

நாங்க பெருங்களத்தூர். வருஷத்துக்கு மூணு நாலு தடவை போவோம். காலையில ஒன்பது மணிக்குக் கேட் திறக்கும்போது முதல் ஆளா நிக்கணும். பதினொன்றரைக்கு மேல பெரிய மிருகத்தையெல்லாம் விட்டுடுங்க. அந்த நேரத்துல பறவைங்க இருக்கற பக்கம், நடந்து உள்ள போற பறவைக் கூண்டு, வண்ணத்துப்பூச்சித் தோட்டம்னு நிழலாப் பாத்துப் போயிடணும். மறுபடி மூணரைக்கு மேல ஒரு சுத்து.

இரவாடி மிருகங்க இருக்கற இருட்டு வீட்டுக்குள்ள நாங்க போனப்ப, பாதிப் பேர் "ஒண்ணுமே இல்ல"ன்னுட்டு ஒரே நிமிஷத்துல வெளிய வந்துட்டாங்க. வெயில்லேர்ந்து போன கண்ணுக்கு எப்படித் தெரியும்? நாங்க சுவர்ல சாஞ்சு சும்மா நின்னோம். அஞ்சு நிமிஷம் கழிச்சுச் சின்னவன்தான் முதல்ல பார்த்தான். ரெண்டு கண்ணு எங்களையே பாத்துட்டிருந்துச்சு.

அப்புறம் தண்ணி பாட்டில், தொப்பி, குழந்தைக்கு மாத்து டிரஸ். நொறுக்குத்தீனி கவரை வெளிய எடுத்துடாதீங்க. அங்க சும்மா சுத்தற நாட்டுக்குரங்குங்க கவர் சத்தத்தை வெச்சே ஆளைக் கண்டுபிடிச்சிடும். என் பெரியவன் கையில இருந்த முறுக்கு பாக்கெட் போன வேகத்துக்கு அவன் அழக்கூட நேரம் இல்ல.

மடிப்பாக்கம்_மணி | ஞாயிறு, இரவு 10:31

என்னங்க இது, 200 ரூவா டிக்கெட்டு. அஞ்சு பேர் போனா பெட்ரோலு, சாப்பாடு எல்லாம் சேத்து எவ்ளோ ஆவுது? காசு வாங்கினா காட்டணும்ல? தூங்கினா எழுப்பி விடறதுக்கு ஒரு ஆள் போட்டா என்ன? நான் போனப்ப ஒருத்தர் கையத் தட்டி விசில் அடிச்சார், புலி தலையத் தூக்கிப் பாத்துச்சு. எல்லாரும் போட்டோ எடுத்தோம். அதுல யாருக்கு நஷ்டம்?

சோலைமந்தி | ஞாயிறு, இரவு 11:12

மணி அண்ணா, புலிக்குத்தான் நஷ்டம். அந்த விசில்காரருக்கும் ஆகியிருக்கலாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 38-ஜே பிரிவு இதுக்காகவே இருக்கு. காட்சிசாலையில விலங்கைச் சீண்டறது, காயப்படுத்தறது, தீனி போடறது, சத்தம் போட்டுத் தொந்தரவு பண்றது, குப்பை போடறது எல்லாமே குற்றம். சிறைத் தண்டனை வரைக்கும் போகலாம்.

நான் விலங்கியல் படிச்சவ, படிக்கும்போது ஒரு காட்சிசாலையில (இது இல்ல) சில மாசம் குறிப்பெடுக்கிற வேலை பார்த்தேன். பேப்பர், பேனா, கடிகாரத்தோட ஒரு சிங்கத்துக்கு முன்னாடி உக்காந்து, நிமிஷத்துக்கு ஒரு தடவை அது என்ன பண்ணுதுன்னு எழுதணும். என் நோட்டைப் புரட்டினா "படுத்திருக்கிறது, படுத்திருக்கிறது, படுத்திருக்கிறது, காதை ஆட்டியது, படுத்திருக்கிறது". காட்டுலயே சிங்கம் ஒரு நாளைக்கு இருபது மணி நேரம் வரைக்கும் ஓய்வுலதான் இருக்கும். அது சோம்பேறித்தனம் இல்ல. வேட்டைக்குச் சேர்த்து வைக்கிற தெம்பு.

விழுப்புரத்தான் அண்ணா கேட்டதுக்கு என் பதில்: தெரியலைன்னா அந்த இடம் சரியாத்தான் இருக்குன்னு அர்த்தம். வண்டலூர்ல பெரிய விலங்குங்களுக்குக் கம்பிக்கூண்டு கிடையாது, சுத்தி அகழி வெட்டி உள்ள மரம், புதர் எல்லாம் விட்டிருக்காங்க. ஆள் பார்வையிலேர்ந்து விலகிப் போக விலங்குக்கு ஒரு மறைவு வேணும். அது இல்லாத கூண்டுலதான் ஒரே தடத்துல முன்னும் பின்னும் நடக்கறது, தலையை ஆட்டிட்டே நிக்கறதெல்லாம் வரும். அதைப் பாத்து நம்மாளுங்க "சூப்பரா ஆக்டிவா இருக்கு"ம்பாங்க.

நேரத்தைப் பத்தி அக்கா சொன்னது ரொம்பச் சரி. ராத்திரி உள் அறையில இருக்கற விலங்கைக் காலையில திறந்து விடுவாங்க. விட்டதும் அது முதல் வேலையா எல்லையைச் சுத்தி வந்து மோப்பம் பிடிச்சு, மரத்துக்கு மரம் அடையாளம் வைக்கும். அந்த முதல் அரை மணிதான் பார்க்க வேண்டிய நேரம். சாயங்காலம் கீப்பர் கூப்பிடற நேரம் நெருங்கினா கதவுப் பக்கம் வந்து நிக்கும். அதுவும் நல்ல நேரம்தான், ஆனா அப்ப அதுக்கு உங்க மேல ஆர்வம் இல்ல, கறி மேலதான்.

உயிர்காலேஜ்_பழையவன் | திங்கள், காலை 5:50

மணி தம்பி கேட்டது போல எல்லாம் "காட்டப்பட்ட" இடம் ஒன்று எங்கள் காலத்தில் இருந்தது. சென்ட்ரலுக்குப் பக்கத்தில், மூர் மார்க்கெட்டை ஒட்டி, பீப்பிள்ஸ் பார்க்கில். சென்னைக்காரர்களுக்கு அது உயிர் காலேஜ். எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ். ஊரிலிருந்து உறவினர் வந்தால் காலையில் செத்த காலேஜ், மாலையில் உயிர் காலேஜ், இருட்டியதும் பீச். இதுதான் சுற்றுப்பயணம்.

வேடிக்கை என்னவென்றால் இரண்டு காலேஜுக்கும் தாய்வீடு ஒன்றுதான். எட்வர்ட் பால்ஃபோர் என்ற வெள்ளைக்கார டாக்டர் மியூசியத்தைக் கவனித்துக்கொண்டிருந்தபோது, உயிருள்ள மிருகங்களை வைத்தால் கூட்டம் கூடுகிறது என்று கண்டுகொண்டார். கர்நாடக (ஆற்காடு) நவாபிடம் பேசி அவரிடமிருந்த மிருகங்களையும் வாங்கி, 1855-ல் மியூசிய வளாகத்திலேயே தொடங்கிவிட்டார். பிறகுதான் அது பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது.

1968-லோ 69-லோ என் தாத்தா என்னைத் தோளில் உட்காரவைத்துக் காட்டினார். எல்லாம் தெரிந்தது, தம்பி. அதுதான் சங்கடம். கம்பிக்கும் சுவருக்கும் நடுவில் புலி எட்டு நடை நடக்கும், திரும்பும். மறுபடி எட்டு நடை. திரும்புகிற இடத்தில் அதன் தோள் சுவரில் உரசி உரசி, அந்த உயரத்தில் மட்டும் காரை எண்ணெய்ப் பிசுக்காகக் கறுத்திருந்தது. புலி முகம் எனக்கு ஞாபகமில்லை. அந்தக் கறுப்புக் கோடு ஞாபகம் இருக்கிறது.

1985-ல் மூர் மார்க்கெட்டும் உயிர் காலேஜும் இரண்டும் போயின. மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்தது. ஜூலையில் எம்.ஜி.ஆர். வண்டலூரைத் திறந்துவைத்தார். "அவ்வளவு தூரம் யார் போவார்கள்" என்று அன்று எல்லோரும் கேட்டோம். இன்று அந்தத் தூரத்தில் ஊர் முடிவதே இல்லை.

மடிப்பாக்கம்_மணி | திங்கள், காலை 8:15

ஐயா, நீங்க எழுதினதைப் படிச்சப்புறம் விசில் மேட்டரை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா 200 ரூவா 200 ரூவாதான்.

மைசூர்பாகு | திங்கள், காலை 10:20

மைசூரு போங்க சார். 1892-லேர்ந்து இருக்கற ஜூ, ஊருக்கு நடுவுல. ஒரு வழியில நுழைஞ்சா மறு வழியில வெளிய வர்ற வரைக்கும் ஒரே பாதை, எதையும் தவற விட முடியாது. மிருகங்களும் கிட்டத்துல தெரியும். 2021-ல ஜெர்மனியிலேர்ந்து ரெண்டு கொரில்லா வேற வந்துச்சு. வண்டலூர் காடு மாதிரி பரந்து கிடக்கு, வயசானவங்களைக் கூட்டிட்டுப் போனா பேட்டரி வண்டி இல்லாம முடியாது.

ஆனா ஒண்ணு, மைசூர்லயும் செவ்வாய்க்கிழமை லீவு. நான் ரெண்டு ஊர்லயும் செவ்வாய்க்கிழமை போய்த் திரும்பி வந்த பெருமை உள்ளவன்.

சோலைமந்தி | திங்கள், காலை 11:02

வாரத்துக்கு ஒரு நாளாவது பார்வையாளர் இல்லாம மூடணும்னு இந்தியா முழுக்க விதியே இருக்கு. விலங்குக்கும் ஓய்வு, பராமரிப்பு வேலைக்கும் நேரம். வண்டலூருக்கு அந்த நாள் செவ்வாய்.

பரந்து கிடக்கறது உண்மைதான். மீட்பு மையத்தையும் சேர்த்து 602 ஹெக்டேர். "எல்லாத்தையும் பாத்துடணும்"னு போனா ஒண்ணும் பார்க்க முடியாது. பெரிய விலங்கு நாலு முடிவு பண்ணிக்கிட்டுப் போங்க.

பறவைக்கிறுக்கு | திங்கள், மதியம் 1:45

நாலு விலங்கு கூட வேண்டாம். ஓட்டேரி ஏரிக்குப் போங்க! உள்ளயே இருக்கு, கூட்டம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காது. மழை முடிஞ்சு தண்ணி நின்ன வருஷத்துல, அக்டோபர்லேர்ந்து ஜனவரி வரைக்கும், மரமே வெள்ளையா இருக்கும். கொக்கு, வக்கா, நத்தைகுத்தி நாரை. இதுங்களுக்குக் கூண்டும் இல்ல, பேர்ப்பலகையும் இல்ல, அதுங்களா வந்து உக்காருதுங்க.

நத்தைகுத்தியோட அலகைக் கவனிச்சிருக்கீங்களா? மூடினாலும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கும், வெளிச்சம் தெரியும். பாக்குவெட்டி மாதிரி நத்தையை உடைக்கும்னு எங்க ஊர்ல சொல்வாங்க. நான் பைனாகுலர்ல பாத்தேன், உடைக்கல. கீழ் அலகு நுனியைக் கத்தி மாதிரி உள்ள விட்டு, ஒரு திருகு திருகி, சதையை மட்டும் உருவி எடுத்துச்சு. ஓடு முழுசா மிதந்துச்சு.

2016 டிசம்பர் வர்தா புயலுக்கு அப்புறம் போனவங்களுக்குத் தெரியும், ஆயிரக்கணக்குல மரம் சாஞ்சு போச்சு. முன்னாடி பாதை முழுக்கக் குடை பிடிச்ச மாதிரி நிழல். இப்ப வளர்ந்து வருது, ஆனா அந்தப் பழைய நிழல் இன்னும் வரல. விழுப்புரத்தான் அண்ணன் மண்டை காஞ்சதுல வர்தாவுக்கும் பங்கு உண்டு.

ரெண்டுபிள்ளை_அம்மா | திங்கள், மாலை 4:10

காணும் பொங்கலுக்கு மட்டும் யாரும் போயிடாதீங்க. ஒரு வருஷம் தெரியாம போயிட்டேன். புலியைப் பார்க்கப் போய் மனுஷங்க முதுகைத்தான் பார்த்தேன். உள்ள போறதுக்கு முன்னாடி ரெண்டு பிள்ளைங்க கையிலயும் பால்பாயிண்ட் பேனாவால என் போன் நம்பரை எழுதினேன். சின்னவனுக்கு வேர்த்து, கடைசி ரெண்டு எண் அழிஞ்சே போச்சு. நல்லவேளை அவன் தொலையல. கூட வந்த எங்க வீட்டுக்காரர்தான் ஒரு மணி நேரம் தொலைஞ்சார்.

வேளச்சேரி_வாசு | திங்கள், இரவு 8:30

எங்களுக்கு வெள்ளைப்புலி நல்லாத் தெரிஞ்சுது. பிள்ளைங்களுக்கு அதுதான் ஹீரோ. அழிஞ்சு வர்ற அபூர்வ இனம்ல? அதைப் பார்த்ததுக்கே காசு செரிச்சுது.

சோலைமந்தி | திங்கள், இரவு 9:05

வாசு சார், சந்தோஷத்தைக் கெடுக்கறேன், மன்னிச்சுக்கங்க. வெள்ளைப்புலி தனி இனமே இல்ல. நம்ம வங்கப்புலிதான், நிறத்துக்கான ஒரே ஒரு மரபணு மாறிப்போனது. 1951-ல மத்தியப் பிரதேசத்து ரீவா மகாராஜா காட்டுல ஒரு வெள்ளைக் குட்டியைப் பிடிச்சு மோகன்னு பேர் வெச்சார். இன்னிக்குக் காட்சிசாலைகள்ல இருக்கற வெள்ளைப்புலிங்க பெரும்பாலும் அந்த மோகனோட வம்சம். நிறம் மாறாம இருக்கணும்னு சொந்தத்துக்குள்ளயே சேர்த்துச் சேர்த்து, மாறுகண், உடம்புக் கோளாறு எல்லாம் வந்துச்சு. வெளிநாட்டுல பல காட்சிசாலைங்க இப்ப வேணும்னே வெள்ளைப்புலி பெருக்கறதில்ல.

நிஜமான அபூர்வம் வேற கூண்டுல இருக்கு. முகத்தைச் சுத்திச் சாம்பல் நிறப் பிடரி, வால் நுனியில ஒரு குஞ்சம். சிங்கவால் குரங்கு, எங்க ஊர்ல சோலைமந்தி. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்துல வேற எங்கயும் கிடையாது. அது முன்னாடி ஒரு நிமிஷத்துக்கு மேல யாரும் நிக்கமாட்டாங்க. "ஐயோ குரங்குதான்டா, வா"ன்னு போயிடுவாங்க.

(பேர் வெச்சிருக்கறதால பட்சபாதம் இருக்கு, ஒத்துக்கறேன்.)

வேளச்சேரி_வாசு | திங்கள், இரவு 9:22

ஐம்பது வயசு வரைக்கும் நம்பிட்டிருந்தேன்மா. சரி, பிள்ளைங்ககிட்ட நான் சொல்லமாட்டேன்.

சிங்கை_செல்வி | திங்கள், இரவு 10:48

இங்க சிங்கப்பூர்ல 1973-ல திறந்த விலங்குத் தோட்டமும் கம்பி இல்லாத அகழி முறைதான். 1994-லேர்ந்து நைட் சஃபாரி தனியா இருக்கு, ராத்திரி விலங்கை ராத்திரியில பார்க்கலாம். கட்டணத்தை ரூபாயில மாத்திச் சொன்னா மணி அண்ணனுக்கு மயக்கம் வரும், அதனால சொல்லல.

ஆனா எங்க அம்மா இங்க வந்து பார்த்துட்டு, "எல்லாம் நல்லாத்தான்டி இருக்கு, ஆனா வண்டலூர்ல புள்ளிமான் மாதிரி பக்கத்துல வந்து நிக்கல"ன்னாங்க. அவங்களுக்கு அங்க ஏதோ ஒரு மானோட பழக்கம்.

கூடுவாஞ்சேரி_குமரன் | செவ்வாய், காலை 7:30

கோபம் விலங்கு மேல வேண்டாம், நம்ம ஜனங்க மேல வைங்க. போன மாசம் முதலைக்கிட்ட நின்னுட்டிருந்தேன். வாயைப் பிளந்தபடி அசையாமக் கிடந்துச்சு. பக்கத்துல ஒரு அப்பா, "இது பொம்மைடா"ன்னு பையன்கிட்ட சொல்லிட்டு, நிரூபிக்கக் காலி பாட்டிலை வீசினார். முதுகுல பட்டுத் தண்ணில விழுந்துச்சு. முதலை அசையல. "பாத்தியா"ன்னார். வாயைத் திறந்து வெச்சிருந்ததே உடம்புச் சூட்டைத் தணிக்கத்தான்னு அவருக்கு யார் சொல்றது? நான் சொன்னேன். "உங்க வேலையைப் பாருங்க"ன்னார். பையன் மட்டும் திரும்பித் திரும்பிப் பாத்துட்டே போனான்.

2014-ல டெல்லியில வெள்ளைப்புலி அகழிக்குள்ள ஒருத்தர் போய் விழுந்து உயிரே போச்சு. அதை எல்லாரும் போன்ல பாத்திருப்போம். அப்பவும் சுத்தி நின்னு கத்தினதும் கல்லெறிஞ்சதும்தான் நடந்துச்சு.

உயிர்காலேஜ்_பழையவன் | செவ்வாய், காலை 9:00

2021-ஐயும் யாராவது சொல்லுங்கள். கொரோனா இரண்டாம் அலையில் வண்டலூர் சிங்கங்களுக்கும் தொற்று வந்தது. பூங்கா மூடிக்கிடந்த நேரம். ஜூன் மாதத்தில் நீலா என்ற பெண் சிங்கமும், அடுத்த இரண்டு வாரத்துக்குள் பத்மநாதன் என்ற ஆண் சிங்கமும் இறந்தன. சோதனையில் மனிதர்களைப் படுத்திய அதே டெல்டா வகைதான் என்று தெரிந்தது. வீட்டில் அடைந்து கிடந்த நாங்கள் செய்தித்தாளில் படித்தோம். அந்த வாரம் என் மனைவி தெருவில் யாருக்காகவோ அழுததைவிட நீலாவுக்காக அழுதது அதிகம். காரணம் கேட்டேன். "அதுக்கு மாஸ்க் போடக்கூடத் தெரியாதே" என்றாள்.

மட்டுறுத்துநர் | செவ்வாய், காலை 10:15

இழை நன்றாகப் போகிறது. டிக்கெட் விலை பற்றித் தனி இழை இருக்கிறது, மணி அங்கே வரவும்.

விழுப்புரத்தான் | ஜூலை மாத சனி, இரவு 8:20

ரெண்டு மாசம் கழிச்சு வர்றேன். மறுபடி போனோம்! இந்தத் தடவை நானும் பொண்ணும் மட்டும். வீட்டுக்காரி "வால் பார்க்க நான் வரல"ன்னுட்டா. விடியக்காலை பஸ் பிடிச்சுக் கிளாம்பாக்கத்துல இறங்கினோம். அங்கேர்ந்து பக்கம்தான். ஒன்பது மணிக்குக் கேட்ல எங்களுக்கு முன்னாடி ஆறே பேர்.

வேற எங்கயும் நிக்காம நேரா புலிக்குப் போனோம். அகழிச் சுவரோரம் நின்னோம். பதினஞ்சு நிமிஷம் ஒண்ணும் இல்ல. ஒரு குடும்பம் வந்து, "இங்க ஒண்ணும் இல்லப்பா"ன்னுட்டுப் போச்சு. பொண்ணு ஒரு தடவை என் மூஞ்சியைப் பார்த்தா. நான் போன மே மாசத்துல இருந்த மாதிரி இருந்திருந்தா கிளம்பியிருப்பேன்.

அப்புறம் புதருக்குப் பின்னாடிலேர்ந்து வந்துச்சு. அவசரமே இல்ல. ஒரு மரத்தடியில நின்னு மோந்து பாத்து, திரும்பி, வாலைத் தூக்கி மரத்து மேல பீய்ச்சி அடிச்சுச்சு. பொண்ணு "ச்சீ"ன்னா. அடுத்த மரம், அதே கதை. அப்புறம் நேரா எங்களைப் பாத்துத் தண்ணிக்கு வந்துச்சு. வந்த புலி தண்ணிக்குப் பக்கத்துல நின்னு, திரும்பி, பின்பக்கமா இறங்குச்சு. பின்னங்கால் முதல்ல. எங்க ஆத்தா கிணத்துப் படியில இறங்கற மாதிரி ஒவ்வொரு காலா. இடுப்பு வரைக்கும் உக்காந்ததும் கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டுச்சு. அந்த மூச்சு சத்தம் எங்களுக்குக் கேட்டுச்சு. நான் போனை எடுக்கவே இல்ல, எடுக்கத் தோணல. அதனால போட்டோ கேக்காதீங்க.

மொத்தம் நாற்பது நிமிஷம் அங்கயே. அப்புறம் சோலைமந்தி மேடம் சொன்ன குரங்கு. அதுங்க தீனியை விழுங்காம கன்னத்துப் பையில அடைச்சுக்கிட்டே போச்சுங்க, கன்னம் ரெண்டும் எலுமிச்சம்பழம் மாதிரி. அடைச்சதைப் புறங்கையால வெளியிலேர்ந்து அழுத்தி அழுத்தி மென்னுச்சுங்க. பொண்ணு வீட்டுக்கு வந்து ராத்திரிச் சாப்பாட்டுல இட்லியை அப்படியே சாப்பிட்டுக் காட்டி அவ அம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டா.

ரெண்டே விலங்குதான் சரியாப் பார்த்தோம். சிங்கம் இந்தத் தடவையும் வால்தான்.

சோலைமந்தி | சனி, இரவு 8:41

அந்த ரெண்டாவது விலங்குக்கு என் சார்பா ஒரு நன்றி.

மடிப்பாக்கம்_மணி | சனி, இரவு 9:10

நாப்பது நிமிஷம் நின்னா 200 ரூவாயை நாப்பதால வகுத்தா நிமிஷத்துக்கு அஞ்சு ரூவா. சரி, பரவால்ல.

புதுவரவு_பாலா | திங்கள், இரவு 11:35

இழை முழுக்கப் படிச்சேன், அருமை! நாளைக்கு விடியக்காலையே குடும்பத்தோட கிளம்பறோம். ஒன்பது மணிக்குக் கேட்ல இருப்போம். லயன் சஃபாரி வண்டி ஓடுதான்னு யாருக்காவது தெரியுமா?

மைசூர்பாகு | திங்கள், இரவு 11:37

பாலா சார், நாளைக்கு என்ன கிழமை?